கொலோனோஸ்கோபிக்கு முன் குடித்த இரண்டு பேதி மருந்துகள்

கொலோனோஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனைக்கு) முன் குடலைச் சுத்தம் செய்ய முதன்முறை எனக்குத் தரப்பட்டது, பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளைக் கரைத்த 4 லிட்டர் திரவம். குடல் இதை உறிஞ்சிக்கொள்வதில்லை என்பதால் உடலின் நீரும் உப்பும் பெரிதாகக் குலைவதில்லை. ஆனால் உவர்ப்பும் வழவழப்பும் கலந்த அந்தச் சுவையால், மூன்றாவது லிட்டரில் டம்ளரைக் கண்டாலே குமட்டத் தொடங்கிவிட்டது. குளிரவைத்துக் குடித்தபோது சற்றே தேவலை.

அடுத்த முறை கிடைத்தது சோடியம் பிக்கோசல்ஃபேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்த மருந்து. இரண்டு சிறு பொட்டலங்கள்தான். புளிப்பாக, குடிக்க எளிதாக இருந்தது. எனினும் இது உடலின் நீரைக் குடலுக்குள் இழுப்பதால், தெளிந்த திரவங்களை நாமே ஏராளமாகக் குடித்தாக வேண்டும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றோருக்கு இது ஏற்றதன்று.

மருந்தைவிட முக்கியம் நேரம் என்பது என் கருத்து. பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் தொடங்கியும் குடிப்பதே குடலை நன்றாகத் துலக்குகிறது. விடியுமுன் அலாரம் வைத்து எழுவது கொடுமைதான். ஆனால் முழுவதையும் முந்தைய இரவே குடித்து முடித்த முதல்முறை, வலப்பக்கக் குடல் சரியாகத் தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். இம்முறை கடைசியாக வெளியேறியது, கழிப்பறைக் கிண்ணத்தின் அடி தெரியுமளவு தெளிந்த வெளிர்மஞ்சள் நீர்.