கார்புரேட்டரா, கம்ப்யூட்டரா: ஒரே வார இறுதியில் ஓட்டிப் பார்த்த இரண்டு 1969 கமாரோக்கள்

மிச்சிகனில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசை கட்டிப் போவதை வருஷா வருஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பவர். போன வருஷம் நாற்காலியை மடிக்கும்போதே சொல்லிவிட்டார்: "தம்பி, அடுத்த தடவை நான் ரோட்டுல இருக்கணும்." கார் செவர்லேயின் 1969 கமாரோதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எப்படிப்பட்ட கமாரோ என்பதில்தான் குழப்பம்.

கையே படாத ஒரிஜினலை முதலிலேயே தள்ளிவிட்டோம். தொழிற்சாலையில் பொருத்திய அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் உள்ள வண்டிக்குக் கொடுக்கும் விலையில் பாதி அவற்றில் பொறித்த முத்திரை எண்களுக்குத்தான் போகிறது. அதை மழையில் எடுக்க மனசு வராது. போலிகளும் அதிகம். அந்த வருஷத்து கமாரோவின் வண்டி எண் 124 என்று ஆரம்பித்தால் அது வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) என்று தெரியும். எஸ்எஸ் என்ற ஸ்போர்ட்ஸ் வகையா சாதாரணமா என்பது அந்த எண்ணில் இல்லை. பேட்ஜ் ஒட்டி விற்பவர்களுக்கு அதுவே வசதி. மாற்றியமைத்த வண்டி வாங்குபவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

மீதி நின்றவை இரண்டு. முதலாவது ஆரஞ்சு நிறம். 454 கன அங்குல இரும்பு பிக் பிளாக் (பெரிய வகை வி8) இன்ஜின், மேலே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஹோலி 850 கார்புரேட்டர், வால்வுகளைத் திறக்கும் பெரிய கேம் ஷாஃப்ட், நாலு கியர் மன்சி கியர்பாக்ஸ், பின்னால் 4.11 விகித ஆக்ஸில். அடிப்பக்கம் ஏறக்குறைய தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே. கேட்ட விலை 61,000 டாலர். இரண்டாவது சாம்பல் நிறம். வெளியே 1969, உள்ளே எல்லாம் புதுசு: கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் 6.2 லிட்டர் அலுமினிய எல்எஸ்3 இன்ஜின், ஆறு கியர் டி56 கியர்பாக்ஸ், புதிய முன் சப்ஃப்ரேம் (முன்பக்கத்தைத் தாங்கும் சட்டம்), நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஏசி. இதற்கு 98,000. இரண்டு விலையையும் கேட்டு அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பை இங்கே விளக்கப் போவதில்லை.

ஆரஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெடலை இரண்டு முறை மிதித்துவிட்டுச் சாவியைத் திருகினால் வண்டி இருமி, நின்று, மறுபடி இருமிக் கிளம்புகிறது. ஐடிலில் வண்டி முழுசும் குலுங்குகிறது; கண்ணாடியில் பின்னால் வருகிறவர் முகம் தெரியாது. கேட்க ஆனந்தம். அந்த ஆனந்தத்துக்கான பில் முதல் சிக்னலில் வருகிறது. அவ்வளவு பெரிய கேம் போட்டால் ஐடிலில் இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் குறைந்துவிடும். பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. ஆக, சத்தம் நன்றாக இருக்கிற அளவுக்கு பிரேக் மோசம். வலது காலை முழுசாக ஊன்றி, கிட்டத்தட்ட எழுந்து நின்றுதான் நிறுத்தினேன். இதற்கெனத் தனி வெற்றிட பம்ப் கிடைக்கிறது, மின்சாரத்தில் ஓடும் பூஸ்டரும் உண்டு. கட்டியவர் இரண்டையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நெடுஞ்சாலையில் இன்னும் வேடிக்கை. இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் இல்லாததால் நாலாவது கியரில், 26 அங்குல டயரோடு, மணிக்கு 70 மைலில் இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 3,700 சுற்று சுற்றுகிறது. பக்கத்தில் இருந்த அண்ணனிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். சாம்பல் வண்டி அதே வேகத்தில், 3.73 ஆக்ஸிலும் 0.50 ஆறாவது கியருமாக, 1,700-க்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஏசியைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசலாம்.

ஆனால் இரண்டாவது கியரில் ஆரஞ்சு வண்டியின் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. பின் சக்கரம் துள்ளி, லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, வண்டி பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்து, பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன், அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாம்பல் வண்டி அதைவிட வேகமாகத்தான் போகிறது. வளைவில் கோடு போட்ட மாதிரி திரும்புகிறது. பிக் பிளாக்கைவிடச் சுமார் நூறு கிலோ குறைவான இன்ஜின் முன்னால் இருப்பது ஸ்டீயரிங்கிலேயே தெரிகிறது. ஒரே குறை: இருபது நிமிஷம் ஓட்டியதும் 1969 மாடலில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது.

குதிரைத்திறன் கணக்குக்கு வருவோம். எல்எஸ்3 கார்வெட்டில் வந்தபோது 430 குதிரைத்திறன். 1969-இல் கமாரோவின் 396 கன அங்குல இன்ஜினுக்கு அதிகபட்சமாக 375 என்று போட்டார்கள். 55தான் வித்தியாசமா என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து எண், சைலன்சரும் மற்ற சுமைகளும் இல்லாமல் இன்ஜினை மட்டும் தனியே வைத்து அளந்த எண். 1972-லிருந்துதான் வண்டியில் இருக்கிற நிலையிலேயே அளந்து போட ஆரம்பித்தார்கள். ஆரஞ்சு வண்டிக்காரர் "550 இருக்கும்" என்றார். தாள் கேட்டதும் பேச்சு வானிலைக்குப் போனது. சாம்பல் வண்டிக்காரர் டைனோ (திறனை அளக்கும் கருவி) தாளையே நீட்டினார்: சக்கரத்தில் 365. சின்ன எண்ணைத் தாளோடு காட்டுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வரும்.

இனி அடிப்பக்கம். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்று எப்போதும் கொண்டு போவேன். ஆரஞ்சு வண்டியின் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன், நிற்காமல் விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, கனமான பட்டி. இந்த வண்டிகள் துருப்பிடிக்கிற இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: பின்பக்கத்தின் கீழ்ப்பகுதி, டிக்கித் தரை, பின் கண்ணாடியின் ஓரம், முன் கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வடியும் இடம். முன் சப்ஃப்ரேம் பாடியோடு போல்ட்டில் சேரும் இடங்களையும் பார்க்க வேண்டும். அங்கே துரு இருந்தால் அறுநூறு குதிரை என்ன, அறுபது குதிரையே அதிகம்.

சாம்பல் வண்டியின் தகரம் சுத்தம். ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டதும் எனக்கு வியர்த்தது. பெயர் எழுதாத ஏழு ஃபியூஸ், வயர்களுக்கு ஒரே நிறம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில வருஷம் முன்பு கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின் மாற்றிய பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். அதை இன்ஜினுக்கு ஏற்றபடி டியூன் செய்த கடை அந்தக் கம்ப்யூட்டரை வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருந்தது. கடை மூடிவிட்டது, பூட்டு மட்டும் மிஞ்சியது. இன்ஜெக்டர் மாற்றியதும் வண்டி ஒழுங்காக ஓடவில்லை. கடைசியில் புதுக் கம்ப்யூட்டர், புது டியூன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

இந்த ஒரு விஷயத்தில் ஆரஞ்சுக்கே என் ஓட்டு. அது நடுவழியில் நின்றால் ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும். சாம்பல் நின்றால் லேப்டாப்பும், அதைக் கட்டியவரின் போன் நம்பரும் வேண்டும். உதிரி பாகம் இரண்டுக்குமே பிரச்சினையில்லை. 1969-இல் மட்டும் சுமார் 2,43,000 கமாரோ தயாரானதால் கதவுக் கைப்பிடியிலிருந்து முழு பாடி வரைக்கும் புதிதாகவே செய்து விற்கிறார்கள்.

பணக் கணக்கில் சாம்பல்தான் லாபம், விலை அதிகமாக இருந்தாலும். அதைக் கட்ட ஆன செலவுக்கு விற்பவர் காட்டிய ரசீதுகளைக் கூட்டினால் 1,40,000 டாலரைத் தாண்டியது. மாற்றங்களுக்குப் போட்ட பணம் முதல் சொந்தக்காரருக்கு முழுசாகத் திரும்பி வருவது அபூர்வம். ஆரஞ்சை வாங்கி பிரேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், தகரம் என்று சரிசெய்யக் கிளம்பினால் அதுவும் ஒரு லட்சத்தில்தான் போய் நிற்கும், அதுவும் இரண்டு வருஷம் ஜாக்கி மேல் நின்ற பிறகு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மாற்றங்களையெல்லாம் சொல்லி, இன்ன விலை என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் பாலிசிதான் வேண்டும். வழக்கமான பாலிசியில் பழைய கார் என்று தேய்மானம் கழித்துவிடுவார்கள்.

அண்ணன் சாம்பலைத்தான் எடுத்தார், இரண்டு நிபந்தனையோடு: டியூன் கோப்பு பூட்டில்லாமல் பென் டிரைவில் வர வேண்டும், ஏழு ஃபியூஸுக்கும் பெயர் எழுதித் தர வேண்டும். விற்றவர் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார்.

வண்டி வாங்கிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை உட்வர்ட் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் பழைய செவர்லே செவெல் கார் ஒன்று கார்புரேட்டரோடு குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, பச்சை விழும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.