மாதிரித் தண்டவாளத்தைத் துடைக்க உகந்தது எது: அரத்தாளா, அற்ககோலா, மண்ணெண்ணெயா?

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் உதயதேவி புகையிரதத்தின் டீசல் இயந்திரம் தனக்கு வேண்டிய சக்தியைத் தானே உண்டாக்கிக்கொள்வதால், தண்டவாளத்தில் படியும் அழுக்கு அதற்கு ஒரு பொருட்டன்று. மேசையின்மேல் 16.5 மில்லிமீற்றர் அகலப் பாதையில் ஓடும் மாதிரிப் புகையிரத இயந்திரமோ தண்டவாளத்தின் வழியாகவே மின்னைப் பெறுகிறது. சக்கரம் தொடும் அந்தச் சிறு இடத்தில் கருமை படிந்தாலே அது திக்கித் திணறி நின்றுவிடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் கல்லடி போன்ற இடங்களில், வாடைக்காலத்து ஈரமும் கச்சான் வீசும் மாதங்களில் வரும் புழுதியும் இத்தொல்லையைக் கூட்டுகின்றன.

உடனடிப் பலன் தருவது அரத்தாள்தான். நீண்ட காலத்தில் கேடு செய்வதும் அதுவே. இன்று பெரும்பாலான மாதிரித் தண்டவாளங்கள் நிக்கல் சில்வரால் ஆனவை. பெயரில் வெள்ளி இருந்தாலும், அது செம்பு, நிக்கல், நாகம் (துத்தநாகம்) ஆகியவற்றின் கலப்புலோகம் மட்டுமே. அரத்தாளால் தேய்த்த தண்டவாளத்தின் மேல் நகத்தை மெல்ல இழுத்தால் கீறல்கள் தட்டுப்படும். அக்கீறல்களுக்குள் அழுக்கு இறுகத் தங்குவதால், முன்னரிலும் விரைவாகக் கருமை திரும்பிவிடும். சிந்திய நிறப்பூச்சையும் காய்ந்த பசையையும் அகற்ற மட்டும் மிக நுண்ணிய அரத்தாளைப் பயன்படுத்தலாம். உருக்குக் கம்பிப் பஞ்சை மட்டும் தொடவே கூடாது. அதன் துகள்களை மோட்டரின் காந்தம் உள்ளிழுத்துக்கொள்ளும்.

ஐசோபுரோப்பைல் அற்ககோல் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைத்து விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், பலரும் முதலில் நாடுவது அதனையே. ஆனால் அது முனைவுள்ள திரவம், அதாவது அதன் மூலக்கூறுகளின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னேற்றம் சற்றே உண்டு; அம்முனைவைக் காட்டும் அளவான மின்காப்பு மாறிலி அதற்கு ஏறத்தாழ 18, மண்ணெண்ணெய்க்கோ 2 அளவில்தான். முனைவுள்ள திரவங்கள் விட்டுச்செல்லும் படலம், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நுண்பொறிகள் எழத் துணைசெய்து கருமையை வளர்க்கிறது என்ற கருத்து இத்துறையினரிடையே வலுவாக உண்டு. விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டால், அழுக்கடைந்த பாதையில் அந்த நீலப்பொறிகளைக் கண்ணாலேயே காணலாம். அற்ககோல் சில நிறப்பூச்சுகளையும் கரைத்துவிடும்.

ஆகவே நான் மண்ணெண்ணெயின் பக்கமே நிற்பேன். விலை குறைவு, முனைவற்றது, துணியில் சில துளிகளே போதும். மணமும், தீப்பற்றும் அபாயமும், மெதுவாக உலரும் தன்மையும் அதன் குறைகள். முதலில் மின்னைத் துண்டித்து, யன்னலைத் திறந்துவைத்துத் துடைத்த பின், உலர்ந்த துணியால் மறுமுறை ஒற்றி எடுக்க வேண்டும். அந்தத் துணியில் இரண்டு கருங்கோடுகள் விழுந்துகொண்டிருக்கும் வரையில் வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது. எண்ணெய் எஞ்சியிருந்தால் இழுவைச் சக்கரங்களின் இறப்பர் வளையம் ஊதி நழுவிவிடும்.

மென்மையான பென்சிற்கரியை, அதாவது கிரபைற்றை, இவற்றுக்கு மாற்றாகச் சொல்வோரும் உளர். அது அழுக்கை அகற்றாது. துடைத்த பாதையில் மின்தொடர்பைச் சீராக்கும். சமதளத்தில் மெல்லிய ஒரு பூச்சு நன்று, ஏற்றத்தில் பூசினால் சக்கரம் வழுக்கும்.

இவற்றுள் எதனைத் தேர்ந்தாலும், சக்கரங்களைத் துடைக்காவிட்டால் அவையே ஒரு சுற்றுக்குள் கருமையைப் பாதையெங்கும் பரப்பிவிடும். இறப்பர் வளையத்துக்கு மண்ணெண்ணெய் ஆகாது என்பதால், சக்கரங்களுக்கு அற்ககோலே ஏற்றது: நனைத்த மெல்லிய துணியைத் தண்டவாளத்தின்மேல் விரித்து, முன் சக்கரங்கள் துணியிலும் பின் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்குமாறு இயந்திரத்தைப் பிடித்துச் சுழலவிட்டு, பின்னர் திசையை மாற்றிச் செய்ய வேண்டும்.