‘எல்லா பிரிண்டருக்கும் ஏற்ற மை’: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டிலேயே கார்ட்ரிட்ஜில் மை நிரப்புவதை நான் குறை சொல்ல வரவில்லை. இதற்கு முன் இரண்டு முறை நானே நிரப்பிப் பல மாதங்கள் அச்சிட்டிருக்கிறேன். இந்த முறை ஏமாந்ததற்குக் காரணம், ‘எல்லா இன்க்ஜெட் பிரிண்டர்களுக்கும் ஏற்றது’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததை அப்படியே நம்பியதுதான்.

பெட்டியில் நான்கு மைப் புட்டிகளும் சிரிஞ்சுகளும் கையுறையும் இருந்தன. கருப்புக் கார்ட்ரிட்ஜின் மேல் ஸ்டிக்கரை உரித்து, ஊசியைப் பஞ்சுக்குள் ஆழமாக இறக்கி, காற்றுக் குமிழி சேராதபடி மெதுவாகவே மையைச் செலுத்தினேன். துளையின் விளிம்பில் மை பளபளத்துத் தேங்கியதும் நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சி எடுத்தேன். மை வெளிவரும் நுண்துளைகளான நாசில்கள் இருக்கும் பக்கத்தை டிஷ்யூ தாளில் ஒற்றியபோது விட்டுப்போகாத கருங்கோடு ஒன்று விழுந்தது. முதல் இருபது பக்கங்கள் நன்றாகவே வந்தன. நான்காம் நாள் எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் தோன்றின; ஒரே வாரத்தில் கருப்பு அடியோடு நின்றுவிட்டது.

விற்றவரிடம் கேட்டபோது, ‘ஹெட் கிளீனிங் போட்டுப் பாருங்கள்’ என்றார்; அதாவது, மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் என்ற பாகத்தைப் பிரிண்டரே மையைச் செலுத்திச் சுத்தம் செய்துகொள்வது. நான்கு முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் மை பிரிண்டருக்குள் இருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேர்ந்ததே தவிர, அடைப்பு விலகவில்லை. அடுத்த முறை அழைத்தபோது, நான் நிரப்பிய விதம்தான் தவறு என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் பிரிண்டரின் கையேட்டைப் புரட்டினேன். வண்ணங்களுக்கு டை மை (நிறம் கரைந்திருக்கும் மை), கருப்புக்கு மட்டும் பிக்மெண்ட் மை என்று அதில் தெளிவாக இருந்தது. நிரப்புவதற்கு முன் அச்சிட்ட பழைய தாள் ஒன்றிலும் புதிய தாள் ஒன்றிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன்: பழைய தாளில் எழுத்து அசையவில்லை, புதியதில் ஊதா கலந்த கறையாகப் பரவியது. எனக்கு விற்கப்பட்டது டை மை. பிக்மெண்ட் மையில் நிறம் கரைந்திருப்பதில்லை, நுண்துகள்களாக மிதந்துகொண்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜில் மிச்சமிருந்த அந்த மையோடு பொருந்தாத மை கலந்தால் துகள்கள் ஒன்றுதிரண்டு, தலைமுடியைவிட மெல்லிய நாசில்களை அடைத்துவிடக்கூடும். அடைபட்ட நிலையில் நான் மேலும் மேலும் அச்சிட முயன்றதும் கேடாகவே முடிந்திருக்கும்; ஏனெனில் வெப்பமுறை ஹெட்டில் மை வந்து சேராவிட்டால், மையைக் கொதிக்க வைக்கும் மின்தடைகளே கருகிவிடும்.

வண்ணக் கார்ட்ரிட்ஜின் மஞ்சள் மை அறையில் பச்சை கலந்தது என் தவறுதான்; நீல மையை அளவுக்கு மீறிச் செலுத்தியிருந்தேன். அந்தப் பழியை விற்றவர்மேல் சுமத்த மாட்டேன்.

என் பிரிண்டரில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே இருப்பதால், புதிய கார்ட்ரிட்ஜ் வாங்கும் செலவோடு தப்பித்தேன். எப்சன் பிரிண்டர்களைப் போல ஹெட் இயந்திரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தால், இதே அடைப்பு பிரிண்டரையே முடக்கியிருக்கும். ஆகவே ரீஃபில் மை வாங்குகிறவர்கள் கார்ட்ரிட்ஜின் எண்ணைச் சொல்லி, கருப்பு மை டையா பிக்மெண்டா என்று முதலில் கேளுங்கள். விற்பவரால் அதற்கு விடை சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். அதே கேள்வியை நான் மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் வந்த பதில், ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்பதுதான். திறந்த புட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்பதை மட்டும் கடைசிப் பதிலில் கூடுதலாகச் சேர்த்திருந்தார்.