யீரோவா, சுவ்லாக்கியா: கல்லூரி வாசலில் ஒரு கிரேக்க மதிய உணவு

கல்லூரி வளாகத்தை ஒட்டிய சிறிய கிரேக்க உணவகத்தில் வரிசை நகர்ந்து நம் முறை வரும்போது, பெரும்பாலோர் பலகையைப் பார்க்காமலே, சுழலும் கம்பியில் வெந்ததைச் சீவித் தரும் இறைச்சியான யீரோவைக் கேட்டுவிடுகிறார்கள். அடுத்த வகுப்புக்கு அரை மணி நேரமே இருக்கையில் அதில் தவறொன்றும் இல்லை. நானும் அப்படியே பல மாதங்கள் கேட்டு வந்தேன். அதே பலகையில் அடுத்த வரியிலேயே இருந்த, சிறு கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சுவ்லாக்கியையும் மாறி மாறிச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான், இவற்றுள் எது மேல் என்பதைக் கடிகாரம் தீர்மானிக்கிறது என்று புரிந்தது.

யீரோ என்ற கிரேக்கச் சொல் சுற்றுவதைக் குறிக்கிறது. இதைப் போலவே சுழலவிட்டுச் சமைக்கும் துருக்கி உணவான டோனரின் பெயருக்கும் அதே பொருள்தான். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ஜைரோ என்று கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கிரீஸில் பெரும்பாலும் பன்றி அல்லது கோழி இறைச்சித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செங்குத்துக் கம்பியில் சுழலவிடுகிறார்கள். அமெரிக்கக் கடைகளில் பரவலாகக் காணப்படுவதோ, மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அரைத்து, மசாலா சேர்த்து, கூம்பாக அழுத்திய வடிவம். 1970களில் சிகாகோவின் தொழிற்சாலைகளிலிருந்து அது நாடெங்கும் பரவியது.

எந்தக் கூம்பானாலும் அதன் சுவை வெளிப்புறத்து முறுகலில்தான் இருக்கிறது. வெப்பத்தின் முன் மெல்லச் சுழலும்போது மேற்பரப்பு சிவந்து மொறுமொறுப்பாகிறது. அதைச் சீவியெடுத்ததும், உள்ளே வெந்துகொண்டிருக்கும் அடுத்த அடுக்கு வெப்பத்தின் முன் வருகிறது. ஆட்கள் சீராக வந்துகொண்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் புதிய முறுகல் கிடைக்கும். கூட்டம் அளவுமீறினால் முறுகல் பிடிப்பதற்குள் சீவ வேண்டியிருப்பதால் வெளிறிய, நெகிழ்ந்த துண்டுகளே தட்டுக்கு வரும். ஆளே வராத பிற்பகலில் மேற்பரப்பு தோல்போல் காய்ந்துவிடுகிறது, அல்லது முன்பே சீவி வைத்ததைச் சூடான கல்லில் புரட்டிக் கொடுக்கிறார்கள். ஆகவே நல்ல யீரோ என்பது சமையற்காரரின் கைத்திறனோடு, நமக்கு முன்னே வரிசையில் நிற்பவர்களையும் நம்பியிருக்கிறது. மாணவர்கள் நிறைந்த இடத்தில் இது பெரிய வசதிதான்.

சுவ்லாக்கிக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை. சுவ்லா என்றால் இறைச்சியைக் கோத்துச் சுடும் கம்பி; சுவ்லாக்கி என்பது அதன் சிறிய வடிவம். ஏதென்ஸில் இதையே 'சிறு நாணல்' என்று பொருள்படும் கலமாக்கி என்ற பெயரால் கேட்பார்கள். எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், ஓரிகானோ ஆகியவற்றில் ஊறிய துண்டுகள் நாம் கேட்ட பிறகே நெருப்பின் மேல் ஏறுவதால் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் விளிம்பில் கருகலும் நடுவில் ஈரமும் கொண்ட துண்டைக் கம்பியிலிருந்து உருவி, எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளும்போது, அது நமக்கென்றே சமைக்கப்பட்டது என்பது நாவுக்குத் தெரிகிறது. இதற்கும் ஒரு பலவீனம் உண்டு: கோழியின் நெஞ்சுக்கறியைப் பயன்படுத்தும் கடையில் இரண்டு நிமிடக் கவனக்குறைவு போதும், துண்டு சக்கையாகிவிடும். தொடைக்கறியோ பன்றி இறைச்சியோ இருந்தால் தயங்காமல் அதையே கேட்கலாம்.

பீட்டா என்ற தட்டை ரொட்டியும், கெட்டித் தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் சேர்ந்த ட்ஸாட்ஸிகியும் இரண்டுக்கும் பொது. இருந்தாலும் யீரோவின் கொழுப்புக்குத்தான் அந்தப் புளிப்பு அதிகம் தேவைப்படுகிறது; சுவ்லாக்கியில் எலுமிச்சையே பாதி வேலையைச் செய்துவிடுவதால் ட்ஸாட்ஸிகியைத் தொட்டுக்கொண்டால் போதும். பையில் போட்டு எடுத்துச் செல்வதென்றால் யீரோ பின்தங்குகிறது, ஏனெனில் தாளில் இறுகச் சுற்றிய பீட்டா நீராவியிலும் தக்காளிச் சாற்றிலும் ஊறி, நூலகப் படியை எட்டும்போது அடியில் கிழிந்திருக்கும். சாலட் எதனோடு வந்தாலும் ஒன்றுதான். அசல் கிரேக்க நாட்டுப்புறச் சாலட்டில் லெட்டூஸ் இலையே கிடையாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நண்பகல் நெரிசல் சற்றுத் தணியும் ஒரு மணிக்கு மேல், கூம்பு பாதியாகக் கரைந்திருக்கும்போது, நான் யீரோவையே வாங்குவேன். மூன்று மணிக்குப் போனால், வகுப்பும் இல்லை, வரிசையும் இல்லை; அப்போது சுவ்லாக்கிதான். இடைப்பட்ட வேளையில் குழப்பமாக இருந்தால், முன்னால் நிற்பவரின் யீரோ இறைச்சி சுழலும் கம்பியிலிருந்து நேராக வருகிறதா, கல்லிலிருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறேன்.