ஜாவாவின் விளக்கமான 'நல்' பிழைச்செய்தி: ஒரு மதிப்புரை

ஜாவா நிரல்மொழியில் 'நல்' (மதிப்பு எதுவும் இல்லாத நிலை) ஆன ஒன்றைப் பயன்படுத்த முயன்று நல் பாயின்டர் எக்ஸப்ஷன் என்னும் பிழை எழுந்தால், மெத்தட்டின் (செயற்கூறு) பெயரும் கோப்பின் பெயரும் வரி எண்ணும் மட்டுமே நெடுங்காலம் கிடைத்துவந்தன. ஒரே வரியில் நான்கு மெத்தட்கள் சங்கிலியாக அழைக்கப்பட்டிருந்தால், எது 'நல்' தந்தது என்பதை டீபக்கர் என்னும் பிழைதேடும் கருவியை ஓட்டித்தான் அறிய வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் வெளியான ஜேடிகே 14 (ஜாவா உருவாக்கத் தொகுப்பின் 14ஆம் பதிப்பு), எது 'நல்' என்பதைப் பிழைச்செய்தியிலேயே சொல்லி இக்குறையைப் போக்கியது. அப்பதிப்பில் ஃபிளாக் (நிரலை ஓட்டும்போது தரும் விருப்பக் குறி) கொடுத்தால் மட்டுமே இயங்கிய இவ்வசதி, 15ஆம் பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது.

இதன் அருமை நிபந்தனைக் கோவைகளில்தான் முழுமையாகத் தெரிகிறது. வாடிக்கையாளர் உறுப்பினராக இருந்தால் ஒரு மேப்பிலிருந்து (சாவிக்கு உரிய மதிப்பைத் தரும் பட்டியல்) தள்ளுபடியை எடுப்பது, இல்லாவிட்டால் 0 என்று வைப்பது: இதைக் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் இட்டு ஒரே வரியில் எழுதி, விடையை இன்டிஜர் வகை மாறியில் வைக்கிறோம். முழு எண்ணை ஆப்ஜெக்டாக வைக்கும் இன்டிஜர் 'நல்'லை ஏற்கும் என்பதால் வரி பார்வைக்குப் பிழையற்றதாகவே தோன்றும். ஆனால் ஒரு கிளையில் இன்டிஜரும் மறு கிளையில் 'நல்'லை ஏற்காத வெறும் எண் வகையான இன்ட் ஆன 0வும் இருப்பதால், கோவை முழுவதையும் ஜாவா இன்ட் வகையாகவே கொள்கிறது. மேப்பில் அந்தச் சாவி இல்லாதபோது கிடைக்கும் 'நல்'லை இன்ட் ஆக மாற்ற முயன்று நிரல் விழுகிறது. பழைய பதிப்புகளில் அனுபவசாலிகளையும் திணறடித்த இடம் இது. புதிய செய்தியோ, மேப்பின் கெட் மெத்தட் திருப்பித் தந்தது 'நல்' என்பதால் இன்ட்வேல்யூவை (இன்டிஜரை இன்ட் ஆக்கும் மெத்தட்) அழைக்க இயலவில்லை என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறது. நாம் எழுதாத இன்ட்வேல்யூ அச்செய்தியில் இடம்பெறுவதே நோயை அடையாளம் காட்டிவிடுகிறது. 0வுக்குப் பதில் இன்டிஜர்.வேல்யூஆஃப்(0) என்று எழுதினால் அந்த மாற்றம் நிகழாது, மாறிக்கு 'நல்'லே வந்து சேரும்.

குறைகளும் உண்டு. மாறிப் பெயர்களையும் சேர்க்கச் சொல்லும் மைனஸ்ஜி (-g) விருப்பம் இல்லாமல் ஜாவாசி என்னும் தொகுப்பியால் தொகுத்தால், உள்ளூர் மாறியின் பெயருக்குப் பதிலாக 'லோக்கல்1' போன்ற பெயரே வரும். நாமே உருவாக்கி த்ரோ செய்யும் (எழுப்பும்) எக்ஸப்ஷனுக்கு இவ்விளக்கம் கிடைக்காது. மாறிகளின் பெயர்களும் மெத்தட் பெயர்களும் செய்தியில் வெளிப்படுவதால், அதை அப்படியே பயனர் திரையில் காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது பிழை நேர்ந்த பின் பேசுவதே. முன்கூட்டித் தடுக்க மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று வெளிப்படையாகக் காட்டும் ஆப்ஷனல் வகையும், நல்அவே போன்ற சோதனைக் கருவிகளும் தேவை.

ஆயினும் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கிடைக்கும் இப்பயன், இன்னும் 8 அல்லது 11ஆம் பதிப்பில் இருக்கும் குழுக்கள் 17க்கு மாறுவதற்குப் போதிய காரணம் என்றே கருதுகிறேன்.