பாலிஷுக்கு முன் பித்தளைக் குளியல்: சிட்ரிக் அமிலத் தூள் தேறுகிறதா?

கறுத்த பித்தளையில் நேரே பாலிஷைப் போட்டுத் தேய்த்தால் துணி கறுக்கும், கை வலிக்கும், பாத்திரம் அப்படியே இருக்கும். கறையைக் கரைக்கும் வேலை பாலிஷுடையது இல்லை. அதற்குச் சிட்ரிக் அமிலத் தூள் போதும். 5-க்கு 4 தரலாம்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். சூடு கை பொறுக்கும் அளவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் தொட்டி, கையுறை. அதற்கு முன் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். பிசுக்கு நின்ற இடத்தில் அமிலம் பிடிக்காமல் திட்டுத்திட்டாகக் கறுப்பு நிற்கும். பழுப்புக் கறை பத்து நிமிடத்தில் விடுகிறது. பச்சைக் களிம்பு லேசாக நுரைத்துக் கரைகிறது. கந்தகம் பட்டு ஏறிய கறுப்புதான் முரண்டு பிடிக்கும். அதற்காக ஊறும் நேரத்தை நீட்டாமல், வெளியே எடுத்து, தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து மென்மையான பிரஷால் தேய்த்து, மறுபடி முக்குவதே நல்லது.

ஒரு மதிப்பெண் குறைவது இளஞ்சிவப்பு நிறத்தால். கரைந்த செம்பு, பித்தளையிலுள்ள துத்தநாகத்தின் இடத்தில் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. நீலம் ஏறிய பழைய கரைசல், உள்ளே விழுந்த இரும்புத் திருகு, எஃகு நார் எல்லாம் இதைக் கூட்டும். மெல்லிய படலமென்றால் பாலிஷில் போய்விடும். மணிக்கணக்கில் ஊறவிட்டுத் துத்தநாகமே அரித்துப் போயிருந்தால் மேற்பரப்பு நுண்துளையாகி மங்கிவிடும்; பாலிஷ் அதைச் சரிசெய்யாது. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் முக்கவும். மூட்டுகளில் நுரை வந்தால் உள்ளே இன்னும் அமிலம் இருக்கிறது. நல்ல தண்ணீரில் அலசி உடனே துடைக்கவும். இடுக்குகளுக்கு ஹேர் டிரையர். பாலிஷையும் அன்றே போட்டுவிடுங்கள். திறந்த உலோகம் சீக்கிரம் மங்கும்.

உப்பும் வினிகரும் வேகமானவைதான், ஆனால் சரியாக அலசாவிட்டால் உப்பின் குளோரைடு குழி பறிக்கும். அம்மோனியா கலந்த திரவங்கள் வேண்டவே வேண்டாம்: வளைத்தோ அழுத்தியோ செய்த பித்தளை விரிசல் விடலாம்.

இவ்வளவு செய்தும் கறை அசையவில்லையா? மேலே லாக்கர் பூச்சு (மங்காமலிருக்கப் பூசும் நிறமற்ற வார்னிஷ்) இருக்கலாம். அசிட்டோனால் அதை நீக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் பித்தளை முலாம்; முக்காதீர்கள்.