மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பு: பழைய கேஸ் ஷீட்டா, நோயாளியைப் பின்தொடர்வதா?

மருந்துகளால் கல்லீரலுக்கு நேரும் பாதிப்பைக் குமரி மாவட்டத்தில் ஆராய முற்படுபவருக்கு இரண்டு வழிகள் உள்ளன: மருத்துவமனைப் பதிவறையில் இருக்கும் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்துத் தொகுப்பது, அல்லது இன்று முதல் வரும் நோயாளிகளைச் சேர்த்து அவர்கள் தேறும்வரை பின்தொடர்வது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்கிறது.

பழைய ஏடுகளால் வேலை விரைவில் முடியும், செலவும் குறைவு. அரிதாக நிகழும் இப்பாதிப்பில் போதிய எண்ணிக்கையைக் குறுகிய காலத்தில் எட்டவும் முடியும். காசநோய் மருந்துகளைப் பொறுத்தவரை, சிகிச்சை தொடங்கிய நாள் அரசின் காசநோயாளர் இணையப் பதிவேடான நிக்‌ஷய் பதிவில் இருப்பதால் அந்த ஒரு தேதி தப்பிவிடுகிறது.

ஆனால் இங்கே முடிவைத் தீர்மானிப்பது இன்னொரு தேதி. கண் மஞ்சளித்தவுடன் கீழாநெல்லியோ வைத்தியர் தரும் பச்சிலை மருந்தோ எடுத்துக்கொண்ட பிறகே மருத்துவமனைக்கு வருவது நம் ஊர் வழக்கம். கேஸ் ஷீட்டில் ‘நாட்டு மருந்து எடுத்துள்ளார்’ என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும். அந்த மருந்து காமாலைக்கு முன் மூட்டுவலிக்காகக் குடித்ததா, காமாலை வந்தபின் அதற்காகக் குடித்ததா என்பதை அந்த வரி சொல்லாது. முன்னதென்றால் அம்மருந்தே காரணமாக இருக்கலாம். பின்னதென்றால் அது காரணமாக இருக்கவே முடியாது.

கல்லீரல் பாதிப்புக்கு ஒரு மருந்துதான் காரணமா என்பதை மதிப்பெண் இட்டுக் கணிக்கும் முறை ரூகாம். 1993இல் வெளியாகி 2016இல் திருத்தப்பட்ட அந்த மதிப்பீட்டில் இந்த இடைவெளி எவ்வளவு பெரிய பிழையாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உடன் எடுத்த வேறொரு மருந்து கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்று அறியப்பட்டு, காலமும் பொருந்தினால், நாம் சந்தேகிக்கும் மருந்தின் மதிப்பெண்ணில் 2 குறைகிறது. தகவலே இல்லையென்றால் எதுவும் குறைவதில்லை. அதாவது, ஏட்டின் மௌனமும் ‘வேறு மருந்து எடுக்கவில்லை’ என்ற உறுதியான பதிலும் ஒரே மதிப்பைப் பெறுகின்றன. மதிப்பெண் 6 முதல் 8 வரை இருந்தால் ‘பெரும்பாலும் இம்மருந்தே’, 3 முதல் 5 வரை இருந்தால் ‘இருக்கலாம்’ என்று பிரிக்கும் முறையில், 2 மதிப்பெண் ஒரு நோயாளியை ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திவிடலாம். இந்திய அளவில் 2013 முதல் 2018 வரை திரட்டப்பட்ட 1,288 நோயாளிகளில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினருக்குக் காசநோய் மருந்துகளும், 14 விழுக்காட்டினருக்கு மூலிகை உள்ளிட்ட மாற்று மருந்துகளும் காரணமாகக் கண்டறியப்பட்டன. இவ்விரண்டையும் ஒருவரே எடுக்க நேரும் மாவட்டத்தில் அந்தத் தேதியை ஊகத்திற்கு விட முடியாது.

நோயாளி எதிரே இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதட்டிக் கேட்டால் பச்சிலை மருந்தை மறைப்பார்கள். ‘கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு முன்னாடியா பின்னாடியா அம்மா?’ என்று பொறுமையாகக் கேட்டால் நாள் கிட்டத்தட்டத் துல்லியமாகவே கிடைக்கும். மிச்சமிருக்கும் சூரணத்தையோ கஷாயப் புட்டியையோ கொண்டுவரச் சொல்லவும் முடியும்.

மருந்தை நிறுத்தியபின், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்த நொதியான ஏஎல்டி இறங்கும் வேகமும் இப்படித்தான். கல்லீரல் செல் சார்ந்த பாதிப்பில் 8 நாட்களுக்குள் அது பாதிக்கு மேல் குறைந்தால் 3 மதிப்பெண், 30 நாட்களுக்குள் என்றால் 2. பழைய ஏடுகளில் பசி திரும்பியவுடன் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மறு இரத்தப் பரிசோதனை இருக்காது. மேலும் காசநோய்க்கு நான்கு மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதால், அவற்றில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகியவற்றுள் எது காரணம் என்பதை, அவற்றை மருத்துவக் கண்காணிப்பில் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கும்போதுதான் ஓரளவு அறிய முடியும். மழைக்காலத்தில், காமாலை தரக்கூடிய எலிக்காய்ச்சலையும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியவற்றையும் விலக்கும் பரிசோதனைகளையும் அந்தந்த நேரத்தில் செய்தால்தான் பயன்.

பின்தொடர்தல் எல்லோரிடமும் கைகூடும் என்று சொல்லமாட்டேன். தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பதால் 8ஆம் நாள் பரிசோதனை அவர்களிடம் தவறிவிடுகிறது. பித்தத் தேக்க வகையில் 180 நாட்கள் வரை பார்க்க வேண்டும். அவ்வகை நோயாளிகள் என்னிடம் மிகச் சிலரே என்பதால் அதில் என் அனுபவம் போதாது. பட்டமேற்படிப்பு ஆய்வேட்டுக்குக் காலக்கெடு நெருங்கிவிட்டவர் பழைய ஏடுகளையே எடுக்கலாம். அப்படி எடுத்தால், நாட்டு மருந்து குடித்த நாள் தெரியாதவர்களைத் தனிப் பிரிவாக வைத்து, அவர்களைச் சேர்த்தும் நீக்கியும் இருமுறை கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.